வழக்கு வரக் கூடாதா, கொடுமை நடக்கக் கூடாதா?

(சட்டமும் மனிதவள மேலாண்மையும் படிக்கும் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வேலையிட வழக்குகளிலிருந்து நிறுவனங்கள் தங்களைக் காத்துக்கொள்வது எப்படி என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், "சாதி ஒழிப்பு மேடையில் முதலாளிக்கு வக்காலத்தா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

உங்களில் பலருக்கு இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் முதலாளியின் பக்கத்து நாற்காலி கிடைக்கப்போகிறது. மனிதவளத் துறையில், சட்டப் பிரிவில், உள்ளகப் புகார்க் குழுவில் உட்காரப்போகிறீர்கள். ஒரு புகார் பிழைப்பதும் சாவதும் அந்த நாற்காலியில் இருப்பவரைப் பொறுத்தது. மற்றவர்கள் புகார் எழுதும் பக்கம் நிற்கப்போகிறவர்கள். எதிர்த்தரப்பின் கவசம் எப்படிச் செய்யப்படுகிறது என்று அவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் தொழிலாளர் வழக்குகள் நடத்துகிற வழக்கறிஞர். நான் சொல்லப்போவது அந்தக் கவசத்தைப் பற்றித்தான்.

பெரிய சட்ட நிறுவனங்கள் முதலாளிகளுக்குக் கொடுக்கும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுக்கு நாடு விவரம் மாறும், சாரம் மாறாது. கொள்கையை எழுதி வை. ஊழியர்களுக்குப் பயிற்சி கொடு. புகார் வந்தால் உடனே விசாரி. எல்லாவற்றையும் ஆவணப்படுத்து. புகார் கொடுத்தவரைப் பழிவாங்காதே. இந்த ஐந்தில் எதையும் நான் மறுக்கவில்லை. ஐந்தையும் உண்மையாகச் செய்கிற நிறுவனத்தில் வேலை செய்வது நல்லது என்றுகூடச் சொல்வேன். என் கேள்வி ஒன்றுதான். இவை வழக்கைத் தடுக்கவா, கொடுமையைத் தடுக்கவா? இரண்டும் ஒன்று என்று பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். ஒன்றல்ல என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

இந்தப் பயிற்சிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1998 ஜூன் 26 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. இரண்டும் மேலதிகாரிகளின் பாலியல் தொல்லை பற்றியவை. தொல்லையைத் தடுக்கவும் திருத்தவும் நிறுவனம் நியாயமான அக்கறை எடுத்தது, ஊழியர்தான் அந்த வழிகளைப் பயன்படுத்தத் தவறினார் என்று காட்டினால் நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்பலாம் என்று நீதிமன்றம் வகுத்தது. வேலை நீக்கம், பதவி இறக்கம் போன்ற நடவடிக்கை நடந்திருந்தால் மட்டும் இந்தத் தற்காப்பு கிடையாது. புகார்ப் பெட்டியும் கொள்கைக் கையேடும் நிறுவனங்களுக்குக் கவசமாக மாறியதில் இந்தத் தீர்ப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த இரண்டில் ஒன்று பராகர் வழக்கு. புளோரிடாவின் போகா ரேட்டன் நகராட்சியில் கடற்கரை உயிர்காப்பாளராக இருந்த பெண் தொடுத்தது. நகராட்சியிடம் தொல்லைத் தடுப்புக் கொள்கை இருந்தது. ஆனால் கடற்கரையில் வேலை செய்தவர்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. நகராட்சி தோற்றது. அலமாரியில் இருக்கிற கொள்கை கொள்கையே அல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்னதாகத்தான் நான் இதைப் படிக்கிறேன். தொழிலாளி பக்கம் நிற்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பன்வாரி தேவியின் பெயர் தெரியாமல் யாரும் மனிதவளத் துறைக்குப் போகாதீர்கள். ராஜஸ்தானில் பட்டேரி கிராமத்தைச் சேர்ந்தவர். குயவர் சமூகத்துப் பெண். மாநில அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் அடிமட்ட ஊழியர். குழந்தைத் திருமணத்தைத் தடுப்பது அவருடைய வேலை. ஆதிக்கச் சாதிக் குடும்பம் ஒன்றில் அப்படியொரு திருமணத்தைத் தடுக்க முயன்றார். 1992இல் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளாக்கப்பட்டார். 1995இல் கீழ்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. கொடுமை நடந்தது வயலில். ஆனால் அவர் செய்த வேலைக்காகத்தான் நடந்தது. வேலை கொடுத்தது அரசு. அந்த வேலையால் வந்த ஆபத்துக்கு வேலை கொடுத்தவர் என்ன பொறுப்பு ஏற்றார்?

அந்தக் கேள்வியோடுதான் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போயின. 1997 ஆகஸ்ட் 13 அன்று விசாகா தீர்ப்பு வந்தது. எல்லா முதலாளிகளையும் கட்டுப்படுத்தும் வழிகாட்டு நெறிகள் வந்தன. 16 ஆண்டுகள் கழித்து, 2013இல் சட்டம் வந்தது. 10 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும், 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். வேலை நிமித்தமாகப் போகிற இடமும் வேலையிடம்தான். முதலாளி ஏற்பாடு செய்கிற வாகனமும் வேலையிடம்தான். பன்வாரி தேவியின் வயல் எழுப்பிய கேள்விக்கு அந்த வரையறையில் ஒரு பதில் இருக்கிறது.

ஆனால் வழியில் ஒன்று தொலைந்துபோனது. பன்வாரி தேவிக்கு நடந்தது பாலியல் கொடுமை, அது சாதிக் கொடுமையும்கூட. தனக்குக் கீழே என்று நினைத்த சாதியிலிருந்து ஒரு பெண் வந்து தன் வீட்டு விவகாரத்தில் சட்டம் பேசினாள் என்ற ஆத்திரம் அதில் இருந்தது. அவரால் பிறந்த சட்டத்தின் தொல்லை வரையறையில் சாதி என்ற சொல் இல்லை. பெண்ணின் உடலைச் சட்டம் பார்த்தது, அந்த உடல் எந்தத் தெருவிலிருந்து வருகிறது என்பதைப் பார்க்கவில்லை.

பிற்பாடு வந்த சட்டங்களையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது. எச்.ஐ.வி. பாதிப்புள்ளவர்களுக்கான சட்டம், 2017. வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. 100 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களில் புகார் அலுவலர் வேண்டும் என்கிறது. திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், 2019. அதுவும் புகார் அலுவலரைக் கேட்கிறது. இந்த மூன்றும் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகின்றன. நடைமுறை ஓட்டையாக இருக்கலாம், ஆனால் ஏட்டில் ஒரு கடமை இருக்கிறது. சாதிக்கு அப்படியொரு சட்டம் எங்கே? பாகுபாடு காட்டக் கூடாது, கொள்கை எழுத வேண்டும், புகார் அலுவலரை அமர்த்த வேண்டும் என்று தனியார் முதலாளியைக் கட்டாயப்படுத்தும் சட்டம் சாதிக்கு இல்லை. அரசமைப்பின் 16ஆம் உறுப்பு அரசு வேலைக்குத்தான்.

"வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறதே?" என்று கேட்பீர்கள். இருக்கிறது, அது நம் உயிர்க்கவசம். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் தீண்டாமையின் பேரால் வேலையில் தடை போடுவதைக் குற்றமாக்குகிறது. 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் இவை குற்றவியல் சட்டங்கள். காவல் நிலையம், முதல் தகவல் அறிக்கை, சாட்சி என்று போகிறவை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினார் என்று நிரூபிக்க, அது பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் நடந்திருக்க வேண்டும். நான்கு சுவருக்குள் வெளியார் யாரும் இல்லாமல் நடந்தால் அந்தப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மேலாளரின் அறைக்கு நான்கு சுவர் இருக்கிறது, தோழர்களே. எல்லாவற்றுக்கும் மேலாக, கொடுமை நடப்பதற்கு முன்னால் நிறுவனம் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்தச் சட்டங்கள் கேட்பதில்லை.

இந்த ஓட்டை ஒரு மனிதரின் வாழ்க்கையில் எப்படித் தெரியும் என்று சொல்கிறேன். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண். ஒரு பெரிய அலுவலகத்தில் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். அங்கே தேநீர் அறையில் அவருடைய தம்ளர் மட்டும் ஜன்னல் ஓரத்தில் தனியாக இருந்தது. தண்ணீர் கேனை அவர் தொடக் கூடாது, மற்றவர் ஊற்றிக் கொடுப்பார். அவர் மனிதவளத் துறைக்குப் போய்ச் சொன்னார். அங்கே இருந்த இளம் அதிகாரி நல்லவர். உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டிருக்கிறார். பிறகு கணினியைத் திறந்து புகாரைப் பதிய முயன்றார். பாலியல் தொல்லை, திருட்டு, பாதுகாப்பு, லஞ்சம் என்று வகைகள் இருந்தன. சாதி இல்லை. கடைசியில் 'ஊழியர்களிடையே தனிப்பட்ட மனத்தாங்கல்' என்று பதிந்தார். ஒப்பந்தத் தொழிலாளி என்பதால் அது ஒப்பந்தக்காரருக்குப் போனது. அடுத்த மாதம் அந்தப் பெண்ணை ஊரின் மறுகோடியில் இருக்கும் வேறொரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

நாங்கள் அறிவிப்பு அனுப்பினோம். பதில் சுருக்கமாக வந்தது. நிறுவனத்தில் பாகுபாட்டுக்கு எதிரான கொள்கை நடைமுறையில் இருக்கிறது. சாதி தொடர்பாக எந்தப் புகாரும் எங்கள் பதிவேட்டில் இல்லை. அவர் எங்கள் ஊழியர் அல்லர். இடமாற்றம் செய்தது ஒப்பந்தக்காரர். ஒவ்வொரு வரிக்கும் ஆவணம் இருந்தது. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த அனைத்தும் ஒழுங்காகச் செய்யப்பட்டிருந்தன. அந்தப் பெண் என்னிடம் கேட்டார்: "என் தம்ளரைத் தனியா வச்சதை எழுதறதுக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல ஒரு இடம்கூட இல்லையா சார்?" காவல் நிலையம் போக அவர் விரும்பவில்லை. இருக்கிற வேலையும் போனால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு எங்கே போவது என்றார். அதோடு நின்றது.

நிறுவனத்தின் கணக்கில் இது வெற்றி. வழக்கு தடுக்கப்பட்டது. டீக்கடையிலிருந்து நாம் போராடி விரட்டிய இரட்டைக் குவளை கண்ணாடிக் கட்டடத்துக்குள் பத்திரமாக இருக்கிறது.

இது நம் ஊர் நிறுவனங்களுக்கு மட்டும் உரிய தற்காப்பு அல்ல. சாதி கடல் கடந்து போன இடங்களுக்கெல்லாம் இந்தப் பதிலும் கூடவே போயிருக்கிறது. இங்கிலாந்தின் டிர்கி வழக்கைப் பாருங்கள். பீகாரிலிருந்து வீட்டு வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஆதிவாசிப் பெண். ஒரு நாளைக்கு 18 மணி நேரம், வாரத்தில் 7 நாளும் வேலை. அவர் வழக்குத் தொடுத்தபோது முதலாளி தரப்பு, சம உரிமைச் சட்டத்தில் சாதி என்ற சொல்லே இல்லை, அந்தப் பகுதியைத் தள்ளுபடி செய்யுங்கள் என்றது. 2014 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இன மரபு என்ற சொல்லுக்குள் சாதியும் வரக்கூடும் என்றது. 2015இல் அவருக்கு 1,83,000 பவுண்டுக்கு மேல் ஊதிய பாக்கி கொடுக்க உத்தரவானது.

அமெரிக்காவில் சிஸ்கோ. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநிலக் குடியுரிமைத் துறை அந்த நிறுவனத்தின் மீதும், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள் மீதும் வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவர் சாதியால் ஒதுக்கப்பட்டார், அவர் புகார் செய்தபோது சாதிப் பாகுபாடு சட்டவிரோதம் அல்ல என்று நிறுவனத்தின் ஊழியர் உறவுப் பிரிவு கருதியது என்பது மனுவின் குற்றச்சாட்டு. நிறுவனம் அதை மறுத்தது. வழக்கை நீதிமன்றத்திலிருந்து தனியார் நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகவும் முயன்றது. ஊழியர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அரசுத் துறையைக் கட்டுப்படுத்தாது என்று 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2023 ஏப்ரலில் இரண்டு பொறியாளர்கள் மீதான வழக்கை அரசுத் துறையே திரும்பப் பெற்றது, நிறுவனத்தின் மீதான வழக்கைத் திரும்பப் பெறவில்லை. இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாதி உண்மையை வைத்துக்கொண்டு நாம் வாதாடத் தேவையில்லை.

அந்த வழக்கு வந்த அதே 2020இல் ஆப்பிள் நிறுவனம் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவின் சட்டமன்றம் ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் நியூசம், ஏற்கெனவே உள்ள சட்டங்களே போதும் என்று சொல்லி அதை நிராகரித்தார். சட்டம் போதும் என்கிறார்கள், வழக்கு வந்தால் சட்டத்தில் சாதி இல்லை என்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் நம் ஆட்கள் சிக்கிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் உண்மையான தடுப்பு எப்படி இருக்கும்? திண்டுக்கல்லில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடைத் தொழிற்சாலையின் இளம் தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதைக் காவல்துறை விவகாரமாக மட்டும் விட்டுவிடவில்லை. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம் போன்ற பன்னாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன.

அதில் இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பாலினக் கொடுமையோடு சாதிப் பாகுபாடும் பெயர் சொல்லி எழுதப்பட்டது. இரண்டு, கண்காணிப்புத் தொழிலாளிகளின் கையில் கொடுக்கப்பட்டது. சங்கம் பயிற்சி கொடுத்த தொழிலாளிகள் தளத்திலேயே கண்காணிப்பாளர்களாக இருந்தார்கள். தையல் இயந்திரத்துக்கு அடுத்த இயந்திரத்தில் இருப்பவரிடமே புகாரைச் சொல்ல முடிந்தது. தொழிற்சாலை ஒப்பந்தத்தை மீறினால் அதன் வணிகத்துக்கு விளைவு உண்டு என்று அது வகுத்தது. முதல் ஆண்டிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்தன, மிகப் பெரும்பாலானவை தீர்க்கப்பட்டன. பயிற்சி வகுப்புக்காரர்கள் இவ்வளவு புகாரா என்று பதறுவார்கள். நான் அதைத் தலைகீழாகப் பார்க்கிறேன். புகாரே வராத இடத்தில் பயம் இருக்கிறது. சின்னச் சின்னதாகப் புகார் வந்து தீர்கிற இடத்தில் பெரிய கொடுமை முளைவிடும்போதே தெரிந்துவிடும்.

முதலாளி பக்கத்து நாற்காலிக்குப் போகிறவர்களே, உங்களிடம் சில வேலைகளை ஒப்படைக்கிறேன். உங்கள் நிறுவனத்தின் நடத்தை விதியில் சாதி என்ற சொல் இருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். புகார் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதே கதவு திறந்திருக்க வேண்டும். 20 தொழிலாளர்களும் அதற்கு மேலும் உள்ள தொழில் நிறுவனங்களில் குறைதீர்க்கும் குழு வேண்டும் என்று 2010இலேயே சட்டத்தில் சேர்த்தார்கள். அந்தக் குழுவைச் சாதிப் புகாருக்கும் திறந்துவிடுங்கள், அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஓராண்டில் இடமாற்றம், மதிப்பீடு, வேலை நீக்கம் எது வந்தாலும் காரணம் கேளுங்கள்.

"பொய்ப் புகார் வந்தால்?" என்று உங்கள் மேலதிகாரி கேட்பார். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் தரப்பைச் சொல்ல உரிமை உண்டு, ஒழுங்கான விசாரணை அவரையும் காக்கும் என்று சொல்லுங்கள். நிரூபிக்க முடியாமல் போனது வேறு, பொய் சொன்னது வேறு என்று 2013ஆம் ஆண்டுச் சட்டமே பிரித்துச் சொல்கிறது என்பதையும் சொல்லுங்கள்.

புகார் எழுதும் பக்கம் நிற்பவர்களே, நடந்ததைத் தேதி போட்டு அன்றைக்கே எழுதி வையுங்கள். வாயால் சொன்னாலும் அதை ஒரு மின்னஞ்சலாக அனுப்புங்கள். சாதி என்ற சொல்லை நீங்களே எழுதுங்கள், அதை மனத்தாங்கல் என்று மொழிபெயர்க்க அடுத்தவருக்கு வாய்ப்புக் கொடுக்காதீர்கள். யாரோடு மதிய உணவு சாப்பிடுகிறீர்களோ அவர்களோடு சங்கமாகச் சேருங்கள். தனி ஆளின் புகாரை வேறு கட்டடத்துக்கு மாற்றிவிடலாம், ஒரு சங்கத்தை அப்படி மாற்ற முடியாது.

1917இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நகரத்தில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. சில நாட்களிலேயே வேலையை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. வீடு கிடைக்காதது அலுவலகப் பிரச்சினை இல்லை, பதிவேட்டில் புகாரும் இல்லை என்று இன்றைக்கு ஒரு நிறுவனம் எளிதாகப் பதில் எழுதிவிடும். அந்தப் பதிலை எழுதச் சொல்லி உங்கள் மேசைக்கும் ஒருநாள் ஒரு கோப்பு வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்தத் தம்ளர் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள்.